புதன்கிழமை விரல்

இந்த ஊரில் கையால் செய்த எந்தப் பொருளையும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கிறார்கள். கையுறையானாலும் குல்லாவானாலும், வாங்கியவுடன் உள்ளே கையை விட்டுப் புரட்டி, நூல் எங்கே முடிந்தது, எங்கே ஒட்டுப் போட்டது, முனையை எங்கே ஒளித்தது என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். அதன் பிறகே வெளிப்பக்கத்துக்கு வருவார்கள். நன்றாக இருந்தால் தலையை ஒரு முறை ஆட்டுவார்கள். நன்றாக இல்லாவிட்டாலும் அதே தலையாட்டல்தான், கொஞ்சம் மெதுவாக. வந்த புதிதில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் முதல் மஃப்ளரை எல்லோரும் பாராட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக அறைக்குத் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தி புதுச் சேலை எடுத்து வந்தால், பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை விரித்து, "எம்புட்டு?" என்று கேட்டு, "உன்னிய நல்லா ஏமாத்திப்புட்டான்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் தெருவில் பாதி கூடிவிடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இந்தத் தலையாட்டல் பழகக் கொஞ்ச காலம் ஆனது.

நான் இருப்பது லாட்வியாவில் ஒரு சின்ன ஊர். சிவகங்கை மாவட்டத்தில் யாரிடம் இந்தப் பெயரைச் சொன்னாலும் "அது எங்குட்டு இருக்கு?" என்பார்கள். நானும் ஏஜென்டிடம் அப்படித்தான் கேட்டேன். "யூரோப்புதாண்ணே, வேற என்ன வேணும்?" என்றான். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு ஆறு, ஒரு மர அறுவை மில், ஒரு பேருந்து நிலையம், ஒரு நூலகம், பஞ்சாபிக்காரர் ஒருவர் நடத்தும் இந்திய உணவகம். அந்த உணவகத்தில் நான் சமையல்காரன். மெனுவில் செட்டிநாடு சிக்கன் என்று ஒன்று உண்டு. இங்கே உள்ளவர்களுக்குக் காரம் ஆகாது என்பதால் அதில் கிரீம் ஊற்றித்தான் இறக்க வேண்டும். காரைக்குடிக்காரர் எவரும் இந்தப் பக்கம் வந்து அதை ஆர்டர் செய்துவிடக் கூடாதே என்பது என் நிரந்தரப் பயம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொந்த ஊர் சிங்கம்புணரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்தது, அல்லது பள்ளிக்கூடத்துக்கு நான் முடிந்தேன். கொஞ்ச காலம் கயிற்றுக் களத்தில் தேங்காய் நார் திரித்தேன். அங்கே நிலைக்காமல் காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் இலை போடப் போய், அடுப்படிக்குள் நுழைந்தேன். பிறகு மலேசியா, பிறகு துபாயில் தொழிலாளர் முகாம் சமையல்கூடம். ஒரு இடத்தில் சம்பளம் வரவில்லை, ஒரு இடத்தில் கூரை ஒழுகியது, ஒரு இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் என்னால் இருக்க முடியவில்லை. கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். என் மனைவி மீனாள் காரைக்குடியில், பழைய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிற இடத்தில் சமையலில் இருக்கிறாள். "வெள்ளக்காரவுக அம்புட்டுத் தூரம் இங்குட்டு வந்து நான் சுட்ட பணியாரத்தைத் திங்கிறாக. நீங்க அவுகளுக்குச் சமைச்சுப் போடுறதுக்கு அங்குட்டுப் போயிருக்கீக. குறுக்குல எங்கயாச்சும் சந்திச்சுக்கிட்டா என்ன?" என்பாள். பதில் சொல்லத் தெரியாத கேள்விகளை அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள்.

உணவகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. அறையில் என்னோடு நேபாளத்துப் பையன்கள் இருவர், அவர்கள் விடுமுறை என்றால் போர்த்திப் படுத்துத் தூங்குவார்கள். எனக்குப் படுக்கத் தெரியாது. வெளியே நடக்கலாம் என்றால், குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும், மூக்கு விறைத்துவிடும். காசில்லாமல் சூடாக உட்கார ஊரில் இருந்த ஒரே இடம் நூலகம். படம் போட்ட புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நூலகப் பெண்ணின் பெயர் அனிதா. முதலில் கேட்டபோது நம்மூர்ப் பெண்ணோ என்று முகத்தைப் பார்த்துவிட்டேன். இங்கும் அந்தப் பெயர் உண்டாம். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு புதன்கிழமை அவள், "கீழ் அறையில் பின்னல் குழு கூடுகிறது. டீ இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது, வாருங்கள்" என்றாள். டீ என்று சொன்னதால் போனேன்.

கீழே வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அந்த வாரம் என்ன செய்தோம், எதைப் பிரித்துப் போட்டோம் என்று ஒவ்வொருவராகக் காட்டுவார்கள். பொருள் கை மாறி வட்டம் சுற்றி வரும். பிறகு பேச்சு நின்று ஊசிச் சத்தம் மட்டும் கேட்கும். நம்மூரில் இத்தனை பெண்கள் ஓர் அறையில் கூடியும் இவ்வளவு அமைதி என்றால், யாரோ தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். என் பெயர் சேவுகன் என்றேன். ஆண்பிள்ளைப் பெயர் எதுவானாலும் கடைசியில் 'ஸ்' சேர்ப்பது இவர்கள் வழக்கம். அன்றிலிருந்து சேவுகன்ஸ் ஆனேன். கையில் கம்பளி நூலைக் கொடுத்தார்கள். நார் திரித்த கை அல்லவா, இழையை முறுக்கேற்றி இறுக்கிப் பிடித்தே பழக்கம். என் மஃப்ளர் சுவரில் சாய்த்து வைத்தால் விழாமல் நின்றது. வெல்டா என்று ஒரு கிழவி, மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் நீளம். என் மஃப்ளரை வாங்கி உள்பக்கம் பார்த்து, வெளிப்பக்கம் பார்த்து, தரையில் விரித்து, மேலே ஏறி நின்று காலைத் துடைத்துக் காட்டினார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிங்கம்புணரியில் கால்மிதி செய்கிறவர்களைப் பார்த்துத்தானே வளர்ந்தேன், கம்பளியிலும் அதுதான் வந்தது. அடுத்த புதனும் போனேன்.

எனக்கு இடது பக்கத்து நாற்காலியில் இல்சே உட்காருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், உயரமானவர், அதிகம் பேசமாட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். உடல் பாகமும் வலது கையும் முடிந்து பைக்குள் இருந்தன. இடது கை மட்டும் பாக்கி. அவருடைய இடது கை விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு போல வீங்கியிருக்கும். இங்கத்திய முறையில் நூலை இடது ஆள்காட்டி விரலில் சுற்றி இழுத்துப் பிடித்துத்தான் பின்ன வேண்டும். அந்த விரலே அவருக்கு மடங்காது. ஒரு சுற்றுப் பின்னுவார், ஊசியை மடியில் வைத்துவிட்டு விரலைத் தேய்ப்பார், மறுபடி எடுப்பார். அயர்லாந்தில் இருக்கிற மகன் மார்ட்டின்ஸ் கிறிஸ்துமஸுக்கு வருகிறான், அதற்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை இல்சேயின் கைபேசி அடித்தது. மகன்தான் என்று அவர் முகமே சொல்லியது. ஊசிகளை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேசுவதற்காக மாடிக்குப் போனார். போனவர் வரவில்லை. ஸ்வெட்டரின் கை ஊசிகளில் தொங்கிக்கொண்டிருந்தது, நூல் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் கயிற்றுக் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. கயிறு முறுக்குகிற சக்கரம், ராட்டு என்போம், ஒன்று சுற்றும். அதன் கொக்கிகளில் இழையை மாட்டிவிட்டு, மடியில் நாரைக் கட்டிக்கொண்டு, மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பின்பக்கமாக நடந்துகொண்டே திரிப்பார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் தவிக்கிறது, அல்லது தொட்டில் பிள்ளை அழுகிறது என்றால் ராட்டை நிறுத்த முடியாது, மற்றவர்களின் வேலை கெட்டுப்போகும். அவள் இழையை விட்டால் முறுக்கு ஏறிப் பாம்பு மாதிரி சுருண்டு பின்னிக்கொள்ளும். அதனால் சும்மா நிற்கிற ஆள், கேட்காமலே போய் அவள் மடி நாரை வாங்கித் திரிப்பார். அவள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து இல்லை, இழை அதற்குள் நீண்டிருக்கிற இடத்திலிருந்து தொடர்வாள். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. தொங்குகிற இழையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால்தான் களத்தில் கேவலம். "கையில என்ன, மருதாணியா வச்சிருக்க?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள்.

அந்தக் களத்தை விட்டுவந்து முப்பது வருஷமாகியும் கைக்கு மறக்கவில்லை. இல்சேயின் ஊசிகளை எடுத்தேன். வெறும் சாதாப் பின்னல், எனக்கும் தெரிந்ததுதான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று போய்க்கொண்டிருந்தேன். அறையில் ஊசிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றதைக் கவனிக்கவில்லை. அவர் வருவதற்குள் இரண்டு விரல் அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. ரொம்பச் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

மாடிப்படியில் இறங்கி வந்தவர் சிரித்துக்கொண்டு வந்தார். மகன் டிக்கெட் போட்டுவிட்டானாம். என் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நே" என்றார். இல்லை, வேண்டாம் என்று பொருள். சத்தம் போடவில்லை. ஸ்வெட்டர் கையை வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, ஊசிகளை உருவிவிட்டு நூலை இழுத்தார். நான் பின்னியதெல்லாம் சரசரவென்று பிரிந்து வந்தது. பிரிப்பது எளிது. அதன் பிறகு, பிரிந்து நிற்கிற கண்ணிகளை ஒவ்வொன்றாக மறுபடி ஊசியில் ஏற்ற வேண்டும். அந்த வீங்கிய விரல்களால் அவர் ஒரு கண்ணியைப் பிடித்தால் பக்கத்துக் கண்ணி நழுவி ஓடியது. அனிதா உதவிக்கு எழுந்தாள், அவளைக் கையமர்த்திவிட்டார். அன்று மாலை முழுவதும் அவர் ஒரு சுற்றுக்கூடப் புதிதாகப் பின்னவில்லை, இழந்ததை ஏற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நான், கையில் என் கால்மிதியுடன்.

அனிதா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "கோபம் இல்லை. அந்த ஸ்வெட்டரில் ஒவ்வொரு கண்ணியும் அவளுடையதாக இருக்க வேண்டும்" என்றாள். காரணமும் சொன்னாள். மார்ட்டின்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது, இந்த ஊரில் வேலை இல்லாமல் போன காலத்தில், இல்சேதான் அயர்லாந்துக்குக் காளான் பண்ணை வேலைக்குப் போனாராம். அந்த ஈரத்தில் வருஷக்கணக்காகக் காளான் பறித்துத்தான் விரல் இப்படி ஆனது. பையன் சித்தியிடம் வளர்ந்தான். சட்டை, ஷூ, பொம்மை, சாக்லேட் என்று பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறார். இல்சே திரும்பி வந்தபோது பையன் வளர்ந்துவிட்டான். அவர் வந்ததும் அவன் கிளம்பிவிட்டான், அதே அயர்லாந்துக்கு. போகிற அன்று ஒரு பேச்சில், "நீங்கள் அனுப்பியதெல்லாம் கடையில் இருந்தவைதானே அம்மா, எல்லாப் பையன்களிடமும் அவை இருந்தன" என்று சொல்லியிருக்கிறான். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. இப்போது வருகிறான்.

நானும் துபாயிலிருந்து பெட்டி அனுப்பியவன்தான். சென்ட்டு, போர்வை, பால்பவுடர். என் மகளும் அவற்றைப் பிரித்து அடுக்கி வளர்ந்து, கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் எதுவும் சொன்னதில்லை. சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று நான் இருந்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்கு முன்னால் வீடியோ போனில் மீனாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள்.

"அடுத்தவுக கைவேலைய எடுத்து உங்க வேலையச் செஞ்சிருக்கீக. நம்மூரு ராட்டுன்னு நெனச்சீகளாக்கும்?"

"இழை தொங்குச்சு மீனா. பாத்துக்கிட்டு எப்பிடி இருக்கது?"

"தொங்குனாத் தொங்கிட்டுப் போகுது. அந்தம்மா பெத்த புள்ளைக்கு உங்க கை போட்ட சட்டையா? நம்ம பாப்பாவுக்கு வளைகாப்புச் சோறு கெளறுனப்ப, உங்க தம்பி பொண்டாட்டி வந்து கரண்டியப் புடிச்சதுக்கு நான் என்னா பேச்சுப் பேசுனேன், ஞாபகம் இல்லையா?"

"இருக்கு. தெருவுக்கே இருக்கும்."

"அதான். இனிமே அந்தப் பக்கம் போகாதீக."

"போகாம இருந்தா அவுக நாளு போகுதே. விரலு மடங்கல, பாவம். கிறிஸ்துமஸுக்குள்ள முடியாது."

மீனாள் இரண்டு பூ ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்: "சாயந்திரம் நான் பூக் கட்டுறப்ப நீங்க பக்கத்துல உக்காந்து ரெண்டு ரெண்டா எடுத்துக் குடுப்பீகள்ல? அது யாரு கட்டுன பூவு?"

"நீ கட்டுனது."

"நீங்க கட்டுனேன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீகளா?"

"சொன்னா விட்டுருவியா நீயி?"

"அப்பறம் என்ன. முடிச்ச அவுக போடட்டும். நூல நீங்க புடிச்சுக் குடுங்க."

இவ்வளவுதான். வெந்நீர் கொதிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த புதன் நான் உள்ளே போனபோது ஒரு சின்ன அசைவு ஏற்பட்டது. வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். எந்த ஊரிலும் மனத்தாங்கல் வந்தால் அடுத்த பஸ் ஏறுகிற ஆள்தான் நான். இந்தத் தடவை அப்படிச் செய்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த உடைந்த லாட்விய மொழியில் இல்சேயிடம் விளக்கினேன். என் மனைவி, பூ. நான் கொடுப்பேன். அவள் கட்டுவாள். பூ அவளுடையது. இல்சே கவனமாகக் கேட்டார். பிறகு மற்றவர்களுக்கு ஏதோ சொன்னார். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள். அனிதா மொழிபெயர்த்தாள்: "மனைவிக்குப் பூ வாங்கிக் கொடுக்கிற ஆண்கள் இந்த ஊரில் இல்லை, நீங்கள் நல்ல கணவர் என்கிறார்கள்." வெல்டா மட்டும், "நான்காயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு எப்படிக் கொடுப்பாராம்?" என்று கேட்டார்.

வாயால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் இல்சே ஒரு சுற்று முடித்து, ஊசியை மடியில் வைத்து, விரலைத் தேய்த்தார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நூல் உருண்டையை என் மடிக்கு எடுத்து, இழையை என் ஆள்காட்டி விரலில் சுற்றி, அவருடைய இடது கைக்குப் பின்னால், ஊசியைத் தொடாமல், நீட்டினேன். ஊசி பக்கம் மறு கையைக் கொண்டுபோகவில்லை என்று தெரியவேண்டும் என்பதற்காக அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"பாருங்கள், விரலை நீட்டுகிறார். மோதிரம் போட்டுவிடு இல்சே" என்றார் வெல்டா.

இல்சே சிரிக்கவில்லை. "நே" என்றார். தானே பின்னினார். நான் விரலை எடுக்கவில்லை. அவர் இன்னொரு சுற்றுப் போய், வலியில் உதட்டைக் கடித்து நிறுத்தினார். என் விரலைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னாலிருந்த கையைப் பார்த்தார். பிறகு தன் விரலிலிருந்து நூலைக் கழற்றிவிட்டு, என் விரலில் இருந்த இழையை வலது ஊசியால் கொத்தி ஒரு கண்ணி எடுத்தார். இன்னொன்று. பிறகு மடமடவென்று.

அதிலிருந்து புதன்கிழமை என்றால் என் வேலை அதுதான். பார்க்க ஒன்றுமில்லாத வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும். விரல் அசையக் கூடாது, ஆனால் நூல் ஓட வேண்டும். நார்க்காரன் கை தன்னால் இறுக்கிவிடும். "லேனாக்" என்பார் இல்சே, மெதுவாக என்று. நான் தளர்த்துவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி "லேனாக்". வெங்காயம் நறுக்கி நறுக்கி வெடித்த விரலில் கம்பளி மாட்டிக்கொண்டு பிசிறு வந்தது. வெல்டா ஒரு கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, தினமும் தடவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரோஜா வாசனை. நேபாளத்துப் பையன்கள் அறைக்குள் மூக்கை உறிஞ்சி, "அண்ணனுக்கு இந்த வயசில் யாரு?" என்று கேலி செய்தார்கள். விரல் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை, விட்டுவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு மாலை போதாது என்று தெரிந்ததும் இல்சே ஞாயிற்றுக்கிழமை காலைகளிலும் வரச் சொன்னார். உணவகம் திறப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போவேன். சமையலறை மேசையருகே உட்காருவோம். ரொட்டியும் காப்பியும் தருவார். பேச்சு அதிகமிருக்காது. ஒரு நாள் மீனாளை வீடியோவில் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மீனாள், "சாப்பிட்டாகளான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். இல்சே திகைத்துப்போய், சாப்பிட ஏதாவது தரவில்லை என்று குற்றம் சொல்கிறாளோ என்று எண்ணி, மேசையில் இருந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, வெண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் போனுக்குக் காட்டினார். மீனாள் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய புதன்கிழமை ஸ்வெட்டரின் இடது கை முடிந்தது. வட்டத்தில் காட்டுவதற்காக இல்சே ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யாரும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. வலது கை தளர்வாக, மெத்தென்று படுத்திருந்தது. இடது கை கொஞ்சம் ஒடுங்கி, விறைப்பாக இருந்தது. கண்ணிகள் எல்லாம் இல்சே போட்டவைதான், இழுப்பு என்னுடையது. இத்தனை "லேனாக்" சொல்லியும் சிங்கம்புணரி உள்ளே போய்விட்டது.

பொருள் சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் உள்பக்கம் திருப்பினார்கள், தலையாட்டினார்கள், மெதுவாக. மார்ட்டின்ஸ் வர மூன்றே நாள் இருந்தது. பிரித்தால் மறுபடி பின்ன நேரமில்லை. அது எல்லோருக்கும் தெரியும், இல்சேயின் பிடிவாதமும் எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னேன், "பிரியுங்கள். நான் லீவு போடுகிறேன். ராவும் பகலும் உட்காரலாம்." மனதாரத்தான் சொன்னேன். முதலாளி என்ன சொல்லுவார் என்று யோசிக்கவில்லை.

இல்சே ஸ்வெட்டரின் இடது கையைத் தன் கையில் மாட்டிக்கொண்டார். முழங்கையை மடக்கினார், நீட்டினார். கண்ணிகளை மணிக்கட்டிலிருந்து தோள் வரை விரலால் தடவிக்கொண்டே போனார். அவருடைய வீங்கிய விரல் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அனிதாவிடம் சொன்னார், அனிதா எனக்குச் சொன்னாள்: "எல்லாம் நான் போட்டதுதான். எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. பிரிக்கவில்லை." தைக்கிற ஊசியை எடுத்துத் தோளில் கையை வைத்துத் தைக்கத் தொடங்கினார். வெல்டா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இடது கைப் பக்கம்தான் காற்று அதிகம் அடிக்கும்" என்றார்.

மார்ட்டின்ஸ் வந்தான். பண்டிகை வாரத்தில் உணவகத்தில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு மதியம் பரிமாறுகிற பெண் அடுப்படிக்கு வந்து, உன்னைக் கேட்கிறார்கள் என்றாள். ஏப்ரனோடு வெளியே போனேன். இல்சேயும், அவரைப் போலவே உயரமாக ஒரு இளைஞனும். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஆங்கிலத்தில், "நீங்கள்தான் அந்த விரலா?" என்று கேட்டான். இல்சே மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நான் கையைத் துடைத்துவிட்டு நீட்டினேன். அவன் அயர்லாந்து ஆங்கிலத்தில் நிறையப் பேசினான், எனக்குப் பாதி பிடிபடவில்லை. இடது கை இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். கையை நீட்டி மடக்கிக் காட்டி, "இறுக்கம்தான். இதைப் போட்டால் ஒரு கையை யாரோ பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது" என்றான். அதைத் தன் அம்மாவுக்கு அவர்கள் மொழியில் சொன்னான். இல்சே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிரீம் ஊற்றாமல் நான் சமைத்துக் கொடுத்த செட்டிநாடு சிக்கனை அவன் கண்ணில் தண்ணீர் வர வர முழுவதும் சாப்பிட்டான்.

அவன் திரும்பிப் போன நாளும் புதன்கிழமையாக அமைந்தது. காலை பஸ் தலைநகருக்கு, அங்கிருந்து விமானம். இல்சே என்னையும் பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னார். "தனியாகப் போனால் தனியாகத் திரும்ப வேண்டும்" என்றார். போனேன். தரை முழுவதும் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருந்தது. மார்ட்டின்ஸ் கோட்டின் பொத்தானைப் போடாமல், உள்ளே ஸ்வெட்டர் தெரிய நின்றான். இல்சே அவன் இடது கை மணிக்கட்டைப் பிடித்து விளிம்பை இழுத்து நேராக்கினார். வலது கையைத் தொடவில்லை, அது தன்னால் சரியாக இருந்தது. கோடைக்கு வருகிறேன் என்றான். நானும் ஒவ்வொரு தடவையும் காரைக்குடியில் நின்று அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவன் ஏறி, ஜன்னல் வழியாக இடது கையை ஆட்டினான். பஸ் கிளம்பிப் போனது.

அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். பக்கத்தில் இன்னொரு பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது. என் கைபேசி அடித்தது. மீனாள். மகள் வீட்டுக்குப் போவதற்காகக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள்.

"என்னங்க, பஸ் சத்தமால்ல கேக்குது?" என்றாள். பிறகு குரல் மாறியது. "வந்துட்டீகளா? எந்தப் பக்கம் நிக்கிறீக?"

"இல்ல மீனா. அந்தம்மா மகன ஏத்திவிட வந்தேன்."

"ஓ" என்றாள். என் பக்கத்துப் பஸ் உறுமியது, அவள் பக்கத்துப் பஸ்ஸும் உறுமியது. "சட்டையப் போட்டுக்கிட்டாரா?"

"போட்டுக்கிட்டுத்தான் போறாரு."

"அப்பச் சரி" என்றாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் கண்டக்டர் ஒருவர் தகரத்தில் அடித்துக்கொண்டு கூவுவது கேட்டது: "திருப்பத்தூர், சிங்கம்புணரி! சிங்கம்புணரி ஏறு, ஏறு! கெளம்பப் போகுது!" போனைக் காதில் வைத்தபடியே என் கால் ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டது. நான் பனியில் வழுக்கப் போகிறேன் என்று நினைத்து, இல்சே தன் மடங்காத விரல்களால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.